ஓடிபி மறந்தால் போகட்டும், சிலிண்டர் வந்ததே மறந்தால்?

கேள்வி: எனக்கு 53 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரைக்கு ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக மறதி அதிகம். ஓடிபியைப் பார்த்துவிட்டுத் தட்டுவதற்குள் மறந்துபோகிறது. சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். தெரிந்தவர் பெயர் வாயில் வருவதில்லை, அப்புறம் தானாக வருகிறது. என் அம்மாவுக்கு 76 வயதில் மறதி நோய் வந்தது. காலையில் சாப்பிட்டது தெரியாது, ஆனால் தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பிசகாமல் சொல்வார். எனக்கும் அதுதானா? நெட்டில் ஒரு தேர்வு எழுதினேன், ‘ஆரம்ப நிலை’ என்று வந்தது. ஞாபக சக்தி மாத்திரையும், தூக்கத்துக்கு மெடிக்கலில் அல்பிரசோலமும் வாங்கிச் சாப்பிடுகிறேன். மரபணுப் பரிசோதனை செய்யலாமா? என் கணவரும் (68, ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்) போன மாதம் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து இப்படித்தான். பகலெல்லாம் தூங்குகிறார். சிலிண்டர் வந்ததா என்று அரை மணி நேரத்தில் மூன்று முறை கேட்கிறார். ‘நீங்கள்தானே வாங்கி வைத்தீர்கள்’ என்றால் ‘நானா?’ என்கிறார். வயதானால் இதெல்லாம் சகஜம்தானே?

பதில்: கணவரை அழைத்துப்போய் தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுங்கள். இன்றைக்கே. மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதமே. 68 வயது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, தலையில் அடி, சில வாரம் கழித்துப் பகல் தூக்கம், கேட்டதையே கேட்பது. இவ்வளவும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். அதன் மேற்பரப்பிலிருந்து வெளியே போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்துக்கொண்டால்கூட அதில் ஒன்று கிழியலாம். கசிவு மெதுவாக நடப்பதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும்போதுதான் தலைவலி, தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், மறதி என்று வரும். வீட்டில் எல்லோரும் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கேன் சில நிமிட வேலை. ரத்தம் இருந்து, எடுக்க வேண்டிய அளவு என்றால், மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள். பலருக்கு மறதியும் சேர்ந்தே சரியாகிவிடுகிறது. மறதிக்கான காரணங்களில் இப்படித் திருத்தக்கூடியவை குறைவு, அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கை கால் பலவீனம் இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, பயந்துபோய் அவருடைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு ஆபத்து. மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். ‘அவரும் இப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் மறதியும் அவர் மறதியும் ஒரே சாதி இல்லை.

ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு எண்ணை யாரும் மனதில் பதித்து வைப்பதில்லை. தட்டி முடிக்கும்வரை முணுமுணுத்துப் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பிடியில் ஒரு நேரத்தில் சில விஷயங்களே நிற்கும். முணுமுணுப்பு நின்றால் சில நொடிகளில் போய்விடும். நடுவில் குக்கர் விசில் அடித்தாலே போதும். சமையலறையில் போய் நிற்பதும் இதே கதைதான். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது கவனம் மாறிவிடுகிறது, கையிலிருந்தது நழுவிவிடுகிறது. இருபது வயதுப் பையன்களும் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை யாரும் என்னிடம் கூட்டி வருவதில்லை.

நீண்டகால ஞாபகம் வேறு ஏற்பாடு. நீங்கள் கணக்கு எழுதுபவர், சொன்னால் புரியும். நாளின் வரவு செலவு முதலில் குறிப்பேட்டில் பதிவாகிறது, பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுதுகிறீர்கள். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் குறிப்பேடு. மூளையின் மேலுறை பேரேடு. எடுத்தெழுதும் வேலை மாதங்கள், வருடங்கள் நடக்கும். அதில் முக்கியமான ஒரு பங்கு நாம் தூங்கும்போது நடக்கிறது.

இதை உலகத்துக்குக் காட்டியவர் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மோலைசன். தீராத வலிப்புக்காக 1953-ல், 27 வயதில், இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. அதோடு புதிதாக எதையும் பதிந்து வைக்கும் திறனும் போய்விட்டது. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னார். எண்களைக் கூட்டிக் கழித்து ஏதோ கணக்குப் போட்டு, விடாமல் ஓட்டிக்கொண்டே கால் மணி நேரம் வைத்திருந்தார் ஹென்றி. கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண் போனது. அப்படி ஓர் எண் கொடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சிறு வயது ஞாபகங்கள் நிறைய அப்படியே இருந்தன. 2008-ல் இறக்கும்வரை இதுதான் நிலை.

உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் இதை ஒட்டியதுதான். மறதி நோய்களில் அதிகம் வரும் அல்சைமர் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதன் சுற்றுப்புறத்தையும்தான் முதலில் தாக்குகிறது. காலை இட்லி குறிப்பேட்டிலேயே ஏறவில்லை. கல்யாணப் பந்தல் எப்போதோ பேரேட்டுக்குப் போய்விட்டது.

ஆகவே நான் பார்ப்பது எத்தனை முறை மறக்கிறீர்கள் என்பதை அல்ல. ஞாபகப்படுத்தினால் வருகிறதா என்பதை. ‘அதுதான், அந்த ரேஷன் கடைக்காரர் தம்பி’ என்றதும் ‘ஆமாம், இன்னார்’ என்று பெயர் வந்தால், அது உள்ளே பத்திரமாக இருக்கிறது, தேடி எடுப்பதில்தான் தாமதம். உங்களுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. ‘நீங்கள்தானே சிலிண்டரை வாங்கி வைத்தீர்கள்’ என்று சொன்ன பிறகும் ‘நானா?’ என்றால், பதிவே ஆகவில்லை. இது அடிக்கடி நடந்தால் எந்த வயதிலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்படி மறப்பவர் பெரும்பாலும் தானாக எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. வீட்டில் இருப்பவர்தான் எழுதுவார்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், வந்தே தீரும் என்று இல்லை. தலைமுறை தலைமுறையாக உறுதியோடு இறங்கும் வகை மிக அரிது, அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். உங்கள் அம்மாவுக்கு வந்தது 76-ல். நெட் தேர்வைப் பற்றிப் பேசவே வேண்டாம். பதற்றத்தோடு எழுதினால் எனக்கும் அது ‘ஆரம்ப நிலை’ என்றுதான் காட்டும்.

உங்களிடம் எனக்குக் கோபம் வருவது அல்பிரசோலம் விஷயத்தில்தான். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. புதிய விஷயம் பதிவாவதைத் தடுக்கும் குணம் உடையது. மறதியை நினைத்துத் தூக்கம் கெட்டு, அந்தத் தூக்கத்துக்காக மறதி தரும் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறீர்கள்! ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறியாதீர்கள். பல நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஒரு மருத்துவரிடம் காட்டி, அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். ஞாபக சக்தி மாத்திரையை நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. வல்லாரை பிடிக்குமென்றால் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

போகும்போது ரத்தத்தில் பி12-ம் தைராய்டும் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், அது குறைந்தாலும் மறதி, பாத எரிச்சல், சோர்வு வரும். ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்துவிடலாம். மாதவிலக்கு நிற்கும் காலமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தச் சமயத்தில் தூக்கமும் கவனமும் பலருக்குக் கொஞ்சம் தடுமாறும்.