எந்தக் கரை, எந்த மக்கள்? பண்ணைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: 2017-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கடலில் இருந்த மீன் பண்ணைக் கூண்டு உடைந்தபோது எத்தனை சால்மன் மீன்கள் தப்பின?

ப: சுமார் இரண்டரை லட்சம். அந்தக் கரையின் பூர்வகுடிகளான லம்மி மக்களின் படகுகள் இறங்கி ஆயிரக்கணக்கில் பிடித்தன.

கே: கனடாவின் பூர்வகுடிகள் சால்மன் பண்ணைகளை எதிர்க்கிறார்களா, ஆதரிக்கிறார்களா? ஒரே வரியில் சொல்லவும்.

ப: ஒரே வரியில் வராது. மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டுமே சுமார் 200 சமூகங்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. நம்கீஸ் உட்பட மூன்று சமூகங்கள் 2018-ல் மாகாண அரசோடு பேசி, பிராட்டன் தீவுக்கூட்டத்துப் பண்ணைகளைப் படிப்படியாக அகற்ற வழிசெய்தன. ஆற்றிலிருந்து கடலுக்கு வரும் சால்மன் குஞ்சுகளின் வழியிலேயே கூண்டுகள் நின்றன. செதில்கூடச் சரியாக முளைக்காத குஞ்சின் மேல் கூண்டு மீன்களிடமிருந்து பரவும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி ஓரிரண்டு ஒட்டினாலே அது பிழைப்பது கஷ்டம். அதே மாகாணத்தில், சாலையே எட்டாத க்ளெம்டுவில், கிட்டசூ சைசைஸ் மக்கள் பல வருடங்களாகப் பண்ணை நிறுவனத்தின் கூட்டாளிகள். ஊருக்கு வேலை அதில்தான். பத்திரிகைகளோ தங்களுக்குத் தோதான தரப்பை மட்டும் எடுத்து, "பூர்வகுடிகள் கருத்து" என்று தலைப்பு வைத்துவிடுகின்றன. எனக்கு எரிச்சலே இதில்தான். இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றையே: எங்கள் கடலில் என்ன நடக்கலாம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும்.

கே: 2029-க்குப் பிறகு அங்கே சால்மன் வளர்க்கவே முடியாதா?

ப: அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். 2029-ல் அமலாகும் என்று 2024-ல் கனடா மத்திய அரசு அறிவித்த தடை, கடலில் மிதக்கும் திறந்த வலைக்கூண்டுகளுக்குத்தான், அதுவும் பிரிட்டிஷ் கொலம்பியாவில். மூடிய தொட்டிகளுக்கு இல்லை. நம்கீஸ் மக்களே நிலத்தில் தொட்டி கட்டி வளர்த்துப் பார்த்தவர்கள்.

கே: மட்டி வளர்ப்பு வெள்ளையர் கொண்டுவந்ததுதானே?

ப: இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் குவாட்ரா தீவில் பூர்வகுடிகள் அமைத்த மட்டித் தோட்டங்களுக்கு வயது 3500 ஆண்டுக்கு மேல். கடல் மிகவும் வற்றும் கோட்டில் பாறைகளை உருட்டிச் சுவர் அடுக்குவார்கள். பின்னால் மணல் சேர்ந்து கரை சமமாகும், மட்டிக்கு இடம் பெருகும். ஸ்வினோமிஷ் பூர்வகுடி மக்கள் 2022-ல் வாஷிங்டனில் புதிதாகவே ஒன்று கட்டினார்கள்.

கே: நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் சிப்பிப் பண்ணைக்கு ஆதரவாமே?

ப: எந்த மாவோரி, எந்த விரிகுடா? மறுபடியும் சொல்கிறேன், கரையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நியூசிலாந்தின் 2004 சட்டப்படி புதிய கடல் பண்ணை இடத்தில் 20 சதவீதம் மாவோரிகளுக்கு. ஓபோடிகி ஊர்க் கடலில் வாகடோஹியா என்ற மாவோரி இனக்குழு மக்களே முன்னின்று மஸ்ஸல் சிப்பி வளர்க்கிறார்கள். வேறு இடங்களில் சால்மன் கூண்டுகளை எதிர்த்த மாவோரிகளும் உண்டு.