கிராஃபீன், ஒளியியல் சாதனங்கள் துறையில் ஒரு இயற்பியலாளரின் ஆய்வுப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேட்டவர் ஒரு எம்.எஸ்சி. மாணவர். பிஹெச்.டி.க்கு வழிகாட்டி தேடுகிறார். "ஒவ்வொருவர் பெயரிலும் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றன. அவர் உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பது கேள்வி.

அவருடைய கட்டுரைகளில் எது மற்ற ஆய்வகங்களின் அன்றாட வேலைக்குள் போய்விட்டது என்று தேடுங்கள். நான் அப்படித்தான் பார்ப்பேன். கேம்பிரிட்ஜில் இருக்கும் இயற்பியலாளர் ஆண்ட்ரியா ஃபெராரியை வைத்துச் சொல்கிறேன்.

கிராஃபீன் என்பது கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த ஒற்றைக் கார்பன் அடுக்கு. அதற்காக, ஆய்வு மாணவனாக இருந்தபோது செலோடேப்பில் கிராஃபைட்டை ஒட்டி, மடித்து மடித்துப் பிரித்து, சிலிக்கான் தகட்டில் அழுத்தி எடுப்போம். தகட்டின் மேல் 300 நானோமீட்டர் ஆக்சைடு படலம் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊதாத் தளம். அதில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மங்கலாக ஒரு திட்டு. ஒற்றை அடுக்குதான் என்று கண் சொல்லும். அப்படிக் கண்ணை நம்பி ஒரு வாரம் உழைத்து மின்முனைகளெல்லாம் வைத்து முடித்த பிறகு, அது இரட்டை அடுக்கு என்று தெரிந்தது. அந்த வேதனை இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் ராமன் நிறமாலை (லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்காமல் எந்தத் திட்டிலும் கை வைத்ததில்லை.

சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டறிந்த அதே ஒளிச்சிதறல்தான். பச்சை லேசரைத் திட்டின் மேல் குவித்தால் திரையில் இரண்டு சிகரங்கள் எழும்: 1580 செ.மீ⁻¹ அருகே ஜி, 2700 அருகே 2டி. ஒற்றை அடுக்கில் 2டி சிகரம் ஊசி போல ஒல்லியாக, ஜி-யை விடப் பல மடங்கு உயரமாக நிற்கும். இரட்டை அடுக்கில் எலக்ட்ரான் பட்டைகள் இரண்டாகப் பிரிவதால் 2டி நான்கு கூறுகளாகி, ஒன்றோடொன்று கலந்து அகன்று, தோள் வைத்தது போலத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். 2006-ல் ஃபெராரி குழு, கிராஃபீனைப் பிரித்தெடுத்த மான்செஸ்டரின் கைம், நோவோசெலோவ் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை சொன்னது இதைத்தான்.

அது திடீரென்று வந்ததல்ல. 2000-லேயே அவர் ஜான் ராபர்ட்சனுடன், ஒழுங்கற்ற கார்பனின் ராமன் நிறமாலையை எப்படிப் புரிந்துகொள்வது என்று எழுதியிருந்தார். 2004-ல் மான்செஸ்டரிலிருந்து கிராஃபீன் வெளிவந்தபோது, அதைப் படிக்கும் கண் அவரிடம் தயாராக இருந்தது. பட்டியலைப் படிக்கும்போது ஆண்டு வரிசையில் கீழிருந்து மேலே போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஒளியியல் சாதனங்களுக்கு வருவோம். ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கிராஃபீன், மேலே விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சும் என்று 2008-ல் மான்செஸ்டர் குழு அளந்தது. ஒளி மிகச் செறிவாக இருந்தால், எலக்ட்ரான்கள் போய் உட்கார வேண்டிய நிலைகள் நிரம்பிவிடும். உறிஞ்சுதல் குறைந்து ஒளி கடந்து போகும். லேசருக்குள் இப்படி ஒன்றை வைத்தால் பலவீனமான ஒளி தேய்ந்துபோய், செறிவான துடிப்பு மட்டும் சுற்றிச் சுற்றி வளரும். சிங்கப்பூர் குழு ஒன்று 2009-ல் இதைச் செய்து காட்டியது. 2010-ல் ஃபெராரி குழு கிராஃபைட்டைத் திரவத்தில் மீயொலியால் பிரித்து, பாலிவினைல் ஆல்கஹாலில் கலந்து மெல்லிய படலமாக்கி, எர்பியம் ஒளியிழை லேசரில் இரண்டு இணைப்பிகளுக்கு நடுவே வைத்தது. சுமார் 460 ஃபெம்டோவிநாடித் துடிப்புகள் கிடைத்தன (விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோவிநாடி). இவ்வளவு எளிய தயாரிப்பில் இது கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜிபெய் சுன் என்பதையும் கவனியுங்கள். வழிகாட்டியின் பட்டியலில் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் முதல் பெயராக வருகிறார்களா, பிறகு சொந்தமாக ஆய்வுக் குழு அமைக்கிறார்களா என்பது உங்களுக்கு மிக முக்கியம்.

மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கும்போது திறனாய்வுக் கட்டுரைகளைத் தனியே எடுத்து வையுங்கள். 2010-ல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வந்த ஃபெராரி குழுவின் கிராஃபீன் ஒளியியல் கட்டுரை அப்படிப்பட்டது. நல்ல கட்டுரைதான், நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் சோதனை செய்து கண்டதையும், பிறர் கண்டதைத் தொகுத்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, அதே பொருளை வேறு குழுக்கள் எப்படி எடுத்துக்கொண்டன என்றும் பாருங்கள். ஒளியை மின்சைகையாக மாற்றும் உணரிக்கு அந்த 2.3 சதவீதம் போதாது. பெரும்பங்கு ஒளி வீணாகக் கடந்துவிடும். ஆனாலும் ஐபிஎம்மில் அவூரிஸ் குழு வேகத்தை நம்பி இறங்கி, 2010-ல் விநாடிக்கு 10 ஜிகாபிட் தரவைக் கிராஃபீன் உணரியால் படித்துக் காட்டியது. 2011-ல் பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழு கிராஃபீனை, ஒளியை வழிநடத்தும் சிலிக்கான் அலைவழியின் மேலேயே படுக்கவைத்தது. ஒளி அதன் நெடுகிலும் ஓடுவதால் உறிஞ்சுதல் கூடியது. 25 சதுர மைக்ரான் பரப்பில், ஒளியைக் கூட்டிக் குறைத்துத் தகவல் ஏற்றும் ஒரு மாடுலேட்டர் பிறந்தது.

முதலில் 2006 கட்டுரையைப் படியுங்கள், நான்கே பக்கம். அதில் ஒற்றை அடுக்கையும் இரட்டை அடுக்கையும் அருகருகே போட்ட படத்தை நோட்டில் கையால் வரைந்து பாருங்கள். பிறகு 2010 லேசர் கட்டுரை. அப்புறம், நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியின் மிகப் பழைய கட்டுரையைத் திறங்கள்.