2 டிகிரி சரிவில் ஊர் நகர்ந்தது எப்படி?

கேள்வி: 2018-இல் இந்தோனேசியாவின் பாலுவில் நிலநடுக்கம் வந்தபோது, வீடுகள் தரையோடு சேர்ந்து நகரும் வீடியோவைப் பார்த்தேன். அங்கே செங்குத்தான மலை எதுவும் தெரியவில்லையே, மண் எப்படிச் சரிந்தது?
– வாசகி, தேனி

பதில்: செப்டம்பர் 28 அன்று வந்த அந்த நடுக்கத்தின் அளவு 7.5. பெத்தோபோ, ஜோனோ ஓகே பகுதிகளில் நிலத்தின் சரிவு சில டிகிரிதான். 2 டிகிரி என்றால் 100 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் இறக்கம். சைக்கிள் தானாக உருளும், மண் உருளாது. காய்ந்த மணல் 30 டிகிரி சரிவிலும் நிற்கும். கணக்குப் பார்த்தால், 2 டிகிரியில் மண்ணை இழுக்கும் விசை அதன் பிடிமானத்தில் பதினாறில் ஒரு பங்குதான். மீதிப் பிடிமானம் முழுக்கப் போனால்தான் நகரும்.

அதைப் போக்கியது தண்ணீர். நெருக்கமில்லாத ஈர மணல் குலுங்கும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் சட்டென வெளியேற முடியாததால் அதன் அழுத்தம் ஏறி, மேல்மண்ணின் பாரத்தை நீரே தாங்கத் தொடங்கும். துகளுக்குத் துகள் பிடிப்பு போய், மணல் குழம்பாகிவிடும். மேலே நீர் எளிதில் புகாத வண்டல் படலம் இருந்தால் இன்னும் மோசம்: ஏறிவரும் நீர் அதற்கடியில் தேங்கும், மேல்மண் அதன்மேல் வழுக்கும். நடுக்கம் நின்ற பிறகும் நகர்வு தொடரக்கூடும் என்பது இதனால்தான்.

பெத்தோபோவில் சரிவு தொடங்கிய இடம் கும்பாசா பாசனக் கால்வாயின் கீழ்ப்பக்கம். அங்கே நெல்வயல்களுக்குப் பல பத்தாண்டுகள் பாய்ந்த நீர் நிலத்தடி நீர்மட்டத்தை ஏற்றியிருந்தது. அதற்காகப் பழியை முழுக்கக் கால்வாய்மேல் போட முடியாது. பாலு பள்ளத்தாக்கின் மறுபக்கம், அந்தக் கால்வாய் போகாத பலாரோவா பகுதியும் நகர்ந்தது.

கேள்வி: மனை வாங்குமுன் மண் இப்படிக் குழம்பாகுமா என்று சோதிக்க முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: முடியும். ஒப்பந்தக்காரர் காலால் உதைத்து 'கெட்டித் தரை' என்று சொல்வது சோதனை ஆகாது. துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ.யைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 செ.மீ.க்குச் சுத்தியல் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுவார்கள். மணலில் 10 முறைக்குள் இறங்கினால் அது தளர்வான மணல். நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளக்கச் சொல்லுங்கள். கோடையில் எடுத்த அளவு ஏமாற்றும்.