வடக்கின் முதல் கோச்சி (ரயில்) இங்கேதான் ஓடியது: யாழ்ப்பாணத்து ரயில் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

வடக்கு ரயில்பாதையின் பழைய கதையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நான் காங்கேசன்துறைப் பாதையோரம் வளர்ந்தவன். கோச்சிச் சத்தத்தை வைத்து நேரம் சொன்ன வீடு எங்களுடையது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி: ஐயா, கொழும்பிலிருந்து பாதை போட்டுக்கொண்டே வந்து கடைசியாகத்தான் யாழ்ப்பாணத்தை எட்டினார்கள், சரிதானே?

பாதிதான் சரி. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் பாதை. 1894இல் பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு ஒரு கிளை பிரிந்தது. அதுதான் பின்னால் வடக்கே நீண்டது. ஆனால் அது அநுராதபுரத்தைத் தொட்டது 1904இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1902 மார்ச் 11இல், காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 21 மைலுக்கு இங்கே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது! அதே ஆண்டு செப்டெம்பரில் பளை வரை போனது.

யோசித்துப் பாருங்கள். தெற்கில் எந்தப் பாதையோடும் சேராமல், குடாநாட்டுக்கென்று ஒரு ரயில் மூன்று வருடம் தனியாக ஓடியிருக்கிறது. எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் கடல்வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. துறைமுகம் உள்ள காங்கேசன்துறை முனையிலிருந்து வேலை தொடங்கியதன் நியாயம் அதிலேயே தெரிகிறது. இங்கே சனமும் நெருக்கம், புகையிலையும் வெங்காயமும் சந்தைக்குப் போகும் ஊர்கள். நடுவில் கிடந்த வன்னியோ காடும் மலேரியாவும். அந்தத் துண்டுதான் கடைசியில் முடிந்தது. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து நேரே வந்த முதல் ரயில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. பயணம் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

'கொழும்பு எங்களுக்கு ரயில் தந்தது' என்று யாராவது சொன்னால், இந்த மூன்று வருடத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: அதற்கு முன்னர் கொழும்புக்கு எப்படிப் போனார்கள்?

கடலால் கப்பலில், அல்லது தரையால் மாட்டுவண்டியில். வண்டியென்றால் காட்டுக்குள்ளால் நாட்கணக்கில் போகவேண்டும்.

கனடாவிலிருந்து ஒரு தங்கச்சி: ஸ்ரேசன் மாஸ்டர் டிரைவரிடம் பெரிய வளையம் ஒன்றைக் கொடுப்பார் என்று அப்பா சொல்வார். அது எதற்கு?

நல்ல கேள்வி பிள்ளை. நமது பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே துண்டில் ஏறினால் என்ன நடக்கும்? அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்தில் அந்த ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்து ஸ்ரேசன்கள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். இரண்டையும் கம்பி இணைத்திருக்கும். அதற்குள் வட்டமான வில்லைகள். ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அதைத் திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போடும்வரை இரண்டு பெட்டியும் அடுத்த வில்லையைத் தராது. வில்லை கையில் இருக்கிற டிரைவர் மட்டும்தான் அந்தத் துண்டுக்குள் போகலாம். அந்த வில்லையைத்தான் ஆங்கிலத்தில் 'ரப்லெற்' (tablet) என்பார்கள்.

அந்த வில்லையைத் தோல்பையில் போட்டு, பையை வளையத்தில் கட்டுவார்கள். ஸ்ரேசனில் நிற்காத வண்டி வரும்போது மாஸ்டர் மேடை ஓரத்தில் வளையத்தை நீட்டிப் பிடிப்பார். எஞ்சினில் நிற்பவர் கையை வளையத்துக்குள் விட்டு அப்படியே தோளில் வாங்கிக்கொண்டு போவார். பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிடுவார். சின்ன வயதில் வேலியோரம் நின்று அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும்.

இணுவிலிலிருந்து: எங்கள் பூட்டனார் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்டராம். உண்மையாக இருக்குமா?

நிச்சயம் இருக்கலாம். இங்கே ஆங்கிலம் படித்த பலர் மலாயா ரயில்வேயில் மாஸ்டராகவும் கிளார்க்காகவும் போனார்கள். 'மலாயா பென்சனியர்' வீடு இல்லாத ஊர் குறைவு.

மன்னாரிலிருந்து: இங்கிருந்து இந்தியாவுக்கு ரயிலில் போகலாம் என்பது கதையா?

கதையில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இல் பாதை வந்தது. அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு மறுபடி ரயில். யாழ்ப்பாணத்தார் மதவாச்சியில் இறங்கி வண்டி மாறினார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு தனுஷ்கோடி வழியான அந்தத் தொடர்பு அறுந்தது.

நல்லூரிலிருந்து: பழைய தண்டவாளம் எங்கே போனது?

கொழும்புக்கும் எங்களுக்கும் இடையே 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், யுத்தத்தால் 1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணம் வராமல் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. கூரையில்லாத யாழ்ப்பாணம் ஸ்ரேசன் சுவருக்குள் செடி முளைத்து நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. புதிய பாதை இந்தியக் கடனில் போடப்பட்டது. 2013இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அந்த ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை.

கோண்டாவிலிலிருந்து: அம்மம்மாவின் பெட்டியில் தடித்த மட்டை ரிக்கற் ஒன்று இருக்கிறது. ஓட்டை போட்டிருக்கிறது. எறியலாமா?

எறியவே வேண்டாம்! ஓட்டை ரிக்கற் பார்ப்பவர் போட்டது. ஓரத்தில் மையில்லாமல் அழுத்திய எண்கள் இருக்கும், அது திகதி. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், தெரியும். பிளாஸ்ரிக் உறையில் இறுக்கி ஒட்டாமல், சாதாரணக் காகிதத்தில் மடித்து வையுங்கள். எந்த ஸ்ரேசனிலிருந்து எந்த ஸ்ரேசனுக்கு என்று எனக்கும் எழுதுங்கள்.