கேளுங்க சொல்றோம்: ஒரு நாள்ல ஒரு பிரபு மாளிகை

கேள்வி: லண்டன்ல பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கோம். காலைல போய் ராத்திரிக்குள்ள திரும்புற மாதிரி பழைய மாளிகை ஒண்ணு சொல்லுங்களேன்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: டெர்பிஷயர்ல சாட்ஸ்வொர்த் போங்க, டெவன்ஷயர் பிரபுக்களோட வீடு. செயின்ட் பேன்க்ராஸ்ல ட்ரெயின் புடிச்சா ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஷெஃபீல்டு, அங்கருந்து பஸ். உள்ள மியூசிக் ரூம்ல ஒரு கதவு தொறந்திருக்கும், அதுக்குப் பின்னாடி இன்னொரு கதவுல வயலின் தொங்கும், வில், நிழல் எல்லாம் அச்சு அசலா இருக்கும், உத்துப் பாத்தா வெறும் பெயின்ட்டு! தங்க வேலைப்பாட்டையெல்லாம் விட எனக்கு அதான் புடிச்சுது. தோட்டத்துல 1844ல பிரபுவோட தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பேக்ஸ்டன் கட்டுன ஃபவுன்டன், பம்ப்பே கிடையாது, மேட்டுல ஏரி வெட்டி தண்ணிய பைப்புல இறக்கி அந்த வேகத்துலயே 90 மீட்டர் வரைக்கும் பீச்சியிருக்காங்க, ரஷ்ய ஜார் வருவார்னு அவசர அவசரமா கட்டுனது, மனுஷன் வரவே இல்ல. அதே பேக்ஸ்டன் இங்க கண்ணாடி வீட்டுல வளத்த வாழைக்குத்தான் பிரபு குடும்பத்துப் பேரு, கேவண்டிஷ். நம்மூர் கடையில மோரிஸ் பழம்னு வாங்குறோமே, அந்த ஜாதிதான். டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க.