ஒரே பழைய படத்துக்கு மூன்று டிவிடி: எதை வாங்குவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பழைய தமிழ்ப் படம் வேண்டும், மூன்று நிறுவனங்களின் டிவிடிகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஊர்தான்.

'ஒரே வட்டில் மூன்று படங்கள்' என்று அட்டையில் இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், ஈரடுக்கில் 8.5. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கே ஈரடுக்கு வட்டுதான் தாராளம். மூன்றைத் திணித்தால் இருட்டுக் காட்சிகளில் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். தாத்தா தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் பார்த்த படத்தை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் வராது.

பேல் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான வட்டில் 150 நிமிடப் படம் 144 நிமிடமாக இருந்தால் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 24 சட்டங்களாக (பிரேம்களாக) எடுத்ததை 25 ஆக ஓட்டுகிறார்கள். பாடல்களின் சுருதியும் சற்று ஏறிக் கேட்கும்.

வட்டு எந்தப் பகுதியில் விற்ற கருவியில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டல எண்ணையும் பாருங்கள்: மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5.

முன்னோட்டம், பாடல் தேர்வு போன்றவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மலாய் வசன வரிகள் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். தமிழ் படிக்காத பேரப்பிள்ளைகளும் பாட்டியோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். காகித உறை வேண்டாம், வட்டில் கீறல் விழும்.