குதிரைமேல் இருப்பவன் யார்?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வர்க்கம், அரசியல் என்றே பேசுகிறார்கள். வயலும் வெயிலும் மூன்று பெண்களுமாக ஒரு கிராமத்துக் காட்சி, அவ்வளவுதானே? இல்லாத அரசியலை இந்தக் கால விமர்சகர்கள் ஏன் திணிக்க வேண்டும்?

பதில்: திணித்தது இந்தக் காலத்தவர்கள் இல்லை. 1857இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்த கனவான்களுக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு விமர்சகர் அந்த மூன்று பெண்களையும் வறுமையின் விதி தேவதைகள் (கிரேக்கப் புராணத்தில் மனிதரின் விதியை முடிவுசெய்யும் மூன்று சகோதரிகள்) என்று இகழ்ந்தார். இன்னொருவருக்கு அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த 1793ஆம் ஆண்டின் ஈட்டிகளும் கொலைமேடைகளும் தெரிந்தன. குனிந்து கதிர் பொறுக்கும் பெண்களைப் பார்த்து புரட்சி ஞாபகம் வருகிறதென்றால், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு ஒன்பது வருடம் முன்னால்தான், 1848இல், இன்னொரு புரட்சி நடந்தது. அதுவரை பிரான்சில் சுமார் இரண்டரை லட்சம் பணக்காரர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. ஒரே வருடத்தில் அது 90 லட்சம் ஆண்களுக்குப் போனது; அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். (பெண்களுக்குக் கிடையாது. படத்தில் இருக்கும் மூவருக்கும் வாக்கு இல்லை.) அதற்குப் பிறகு குடியானவனை யாரும் வெறும் இயற்கைக் காட்சியாகப் பார்க்க முடியவில்லை.

சரி, வரலாற்றை விடுங்கள், படத்தையே பாருங்கள். பின்னணியில் வைக்கோல் போர்கள், பாரம் ஏற்றும் வண்டி, கும்பலாக அறுவடை ஆட்கள். அமோக விளைச்சல். அத்தனையும் வெயிலில் மின்னிக்கொண்டு தூரத்தில் இருக்கிறது. முன்னால் வெறும் அரிதாள். நீல முக்காடு போட்டவள் ஒரு கையால் பொறுக்கிக்கொண்டே மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பொறுக்கிய கதிர்கள் அந்தக் கையில்தான். மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த எவருக்கும் அந்த இடுப்பு வலி தெரியும். அப்புறம், வலது ஓரத்தில் மங்கலாக, குதிரைமேல் ஒரு கங்காணி. வெறும் அழகுதான் நோக்கம் என்றால் அவன் எதற்கு? அறுவடை முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்குவது ஏழைகளின் பழைய உரிமை. அதற்கும் சட்டம் நேரம் வகுத்திருந்தது: கதிர்க்கட்டு எல்லாம் போன பிறகுதான், அதுவும் பகலில் மட்டும்தான்.

மில்லே எந்தக் கட்சியிலும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; தான் பார்த்ததை வரைந்தார். ஆனால் புராண நாயகர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்த கம்பீரத்தைக் கூலிக்காரிகளுக்குக் கொடுத்தார். அன்றைய பாரிசில் அதைவிடப் பெரிய அரசியல் வேறென்ன வேண்டும்?

இதே விஷயத்தை 1859இல் ழூல் பிரெத்தோன் என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர் வரைந்தார். அதில் அந்திப் பொழுது, வானில் பிறை, கதிர்க்கட்டைச் சுமந்து சிலை போல நிமிர்ந்து நடக்கும் பெண்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அரசவையே அதை வாங்கிக்கொண்டது. நீங்கள் கேட்கும் கிராமத்து அழகு அதில் நிறையவே உண்டு. ஆனால் அங்கேயும் எல்லைக் கல்லில் சாய்ந்தபடி, வாயருகே கை வைத்து, "நேரம் ஆச்சு, வயலை விட்டு வெளியே வாங்க" என்று குரல் கொடுக்கும் காவலன் ஒருவன் நிற்கிறான்.